இரண்டு வாத்தியார்கள்

ஒரு சினிமாவை இரண்டு தடவை பார்ப்பது என் வழக்கம் அல்ல. 'தங்கல்' என்ற ஹிந்திப் படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை 2016 டிசம்பரில், படம் வெளிவந்த வாரத்திலேயே, கொட்டகையில். மற்ற இரண்டு தடவையும் வீட்டில். முதல் தடவை எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். இரண்டாம் தடவை தட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாம் தடவை ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "சினிமாப் பார்க்கிறீர்களா, பரீட்சைக்குப் படிக்கிறீர்களா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

நிதேஷ் திவாரி டைரக்ட் செய்த படம். கதை அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஹரியானாவில் பலாலி என்று ஒரு கிராமம். அங்கே மஹாவீர் சிங் போகாட் என்ற பழைய பயில்வான். தேசத்துக்குத் தங்கம் வாங்கித் தர ஒரு மகன் பிறப்பான் என்று காத்திருக்கிறார். வரிசையாகப் பெண்கள் பிறக்கிறார்கள். அந்தப் பெண்களையே கோதாவில் இறக்கிவிடுகிறார். மூத்தவர் கீதா 2010-ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 55 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அந்த விளையாட்டுகளில் மல்யுத்தத்தில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். தங்கை பபிதாவுக்கு 51 கிலோவில் வெள்ளி. நடந்த கதை, மனிதர்களும் பெயர்களும் நிஜம். சீனாவில்கூட 2017-ல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

எனக்குக் குஸ்தியில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுப்பது என்ற விஷயம் என்னை வெகு நாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைக் கதையில் எழுதுவது கஷ்டம். காதலை எழுதலாம், சாவை எழுதலாம், பாகப் பிரிவினையை எழுதலாம். அவற்றில் எல்லாம் ஏதாவது ஒன்று நடந்துவிடுகிறது. சொல்லிக் கொடுப்பதில் என்ன நடக்கிறது? வாத்தியார் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். பையன் தப்பாகச் செய்கிறான். மறுபடி சொல்கிறார். மறுபடி தப்பாகச் செய்கிறான். ஆயிரம் நாள் இப்படியே போகிறது. ஆயிரத்து ஓராம் நாள் பையன் சரியாகச் செய்கிறான், அதுவும் அவனுக்கே தெரியாமல். இதை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்ய முடியும்? ஆயிரம் நாளையும் எழுதினால் வாசகர் ஓடிவிடுவார். ஆயிரத்து ஓராம் நாளை மட்டும் எழுதினால் அது பொய்.

குஸ்தியில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். எதிராளியின் ஒரு காலைப் பிடித்துச் சாய்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே பாய்ச்சல். சொல்லிக் கொடுக்கிறவருக்கு அது ஏழெட்டுச் சின்னக் காரியங்கள்: முதலில் இடுப்பு இறங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, முன்னங்கால் எதிராளியின் கால்களுக்கு நடுவே போக வேண்டும், தலை தொங்கக் கூடாது, நெற்றி அவன் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை தொங்கினால் அவன் கழுத்தை வளைத்துக்கொள்வான். கால் கொஞ்சம் எட்டாமல் போனால் அவன் இரண்டு கால்களையும் பின்னால் வீசிவிட்டு முழுப் பாரத்தையும் முதுகில் இறக்கிவிடுவான். அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் வாத்தியார் வருஷக் கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறார். மனஉறுதி, மனஉறுதி என்கிறார்களே, அதுகூட இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு வாங்கி, கண் இருண்டு, புத்தி வேலை செய்யாமல் போகும் கடைசி அரை நிமிஷத்தில், புத்தியின் உதவி இல்லாமலே கால் சரியான இடத்தில் போய் விழ வேண்டும். அதற்குப் பெயர்தான் உறுதி. வீர வசனத்தால் வருகிற உறுதி முதல் சுற்றோடு சரி.

இந்தச் சலிப்பான உண்மையைத் 'தங்கல்' படத்தின் முன்பாதி துணிந்து சொல்கிறது. விடியுமுன் எழுப்புகிறார். ஓட விடுகிறார். பஸ்கி, தண்டால். பெண்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்து ஏமாற்றப் பார்க்கிறார்கள். தலையில் புழுதி ஒட்டிப் பேன் பிடிக்கிறது என்று சாக்குச் சொன்னால் தலைமயிரையே வெட்டிவிடுகிறார். சைவச் சமையல் நடக்கும் வீட்டில் தனி அடுப்பு வைத்துக் கோழிக்கறி சமைக்க வேண்டியிருக்கிறது. மல்யுத்த மெத்தை வேண்டும் என்று ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறார், கிடைக்கவில்லை. படுக்கும் மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்புகிறார். கீதா முதன்முதலாக ஊர்ப் போட்டியில் ஒரு பையனோடு மோதும்போது தோற்றுப்போகிறாள். அவளை ஜெயிக்க வைத்து நம்மைக் கைதட்ட வைப்பது எவ்வளவு சுலபம்! டைரக்டர் அதைச் செய்யவில்லை. தோற்ற பெண் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்து, அடுத்த போட்டி எப்போது என்று கேட்கிறாள். சிறு வயதுக் கீதாவாக நடித்த சாய்ரா வஸீமின் முகத்தில் அந்தக் கேள்வி ஒரு பசியைப் போல இருக்கிறது.

முன்பாதியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே மயிரை வெட்டியாயிற்று. இது படம் எடுத்தவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அதனால் ஒரு கல்யாண வீட்டைக் கொண்டுவருகிறார்கள். பதினாலு வயதில் தாலி ஏறப்போகும் சிநேகிதி, உங்கள் அப்பாவாவது உங்களைப் பெற்ற பிள்ளையாக நினைக்கிறாரே என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்கிறாள். உடனே பெண்கள் மனம் மாறிவிடுகிறார்கள். கல்யாணப் பெண் சொன்னது உண்மைதான், நல்ல காட்சியும்தான். ஆனால் ஒரு கொடுமையைக் காட்டி இன்னொரு வற்புறுத்தலை நியாயமாக்குவது வக்கீல்கள் செய்கிற வேலை. இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமான விஷயம் பின்பாதியில் இருக்கிறது.

கீதா தேசிய சாம்பியன் ஆகி, பாட்டியாலாவில் உள்ள பயிற்சி நிலையத்துக்குப் போகிறாள். அங்கே வேறொரு வாத்தியார், பிரமோத் கதம் என்ற கோச். அப்பா சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்துவிடு என்கிறார். பாய்ந்து தாக்காதே, தற்காத்துக்கொண்டு ஆடு என்கிறார். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இது இரண்டு மனிதர்களின் சண்டை மட்டும் அல்ல; இரண்டு வித்தைகளின் சண்டை.

மண் குஸ்தியில் எதிராளியின் இரண்டு தோள்களும் தரையில் படும்படி மல்லாத்தினால் வெற்றி. நடுவில் யாரை யார் எத்தனை தடவை கீழே தள்ளினார்கள் என்ற கணக்கு இல்லை. கோதாவில் மண்ணைக் கொத்திக் கிளறி, மோரும் மஞ்சளும் எண்ணெயும் கலந்து பதப்படுத்துவார்கள். அந்த மண் காலை இழுக்கும், உடம்பில் ஒட்டும். பிடித்த பிடி நிற்கும். பொறுமையும் பலமும் உள்ளவன் எதிராளியை மெல்ல மெல்ல அரைத்து எடுக்கலாம். மெத்தையில் எல்லாம் தலைகீழ். கால் வேகமாகப் போகும். வேர்வையில் பிடி வழுக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளி. 2010-ல் இருந்த விதிப்படி இரண்டிரண்டு நிமிஷமாக மூன்று சுற்று. இரண்டு சுற்று எடுத்தவருக்கு வெற்றி. (2013-ல் அந்த விதி மாறி, மூன்று நிமிஷமாக இரண்டு சுற்று என்று ஆகி, புள்ளிகளை மொத்தமாகக் கூட்ட ஆரம்பித்தார்கள்.) இரண்டே நிமிஷம் உள்ள ஒரு சுற்றில் ஒரு புள்ளி எடுத்துவிட்டு மீதி நேரத்தை ஜாக்கிரதையாகக் கடத்தினால் அந்தச் சுற்று கைக்கு வந்துவிடும். ஆகவே, தற்காத்துக்கொண்டு ஆடு என்ற கோச், அன்றைய விதியைத் தெரிந்துகொண்டு பேசுகிற மனிதர். தாக்கு என்கிற அப்பா, தம் பெண்ணின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு பேசுகிறவர். இருவருமே சரி. இருவரும் சரியாக இருக்கும்போதுதான் நடுவில் நிற்கிற மாணவிக்குக் கஷ்டம். கதை பிறக்கிற இடமும் அதுதான்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி இங்கே வருகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த கீதா மயிர் வளர்த்திருக்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசியிருக்கிறாள். அப்பாவின் கோதாவிலேயே தங்கைக்குப் புது முறையைச் சொல்லிக் கொடுக்கிறாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பேச்சு முற்றி, தகப்பனும் மகளும் மண்ணில் இறங்குகிறார்கள். ஆமிர் கான் இந்தப் பாகத்துக்காகத் தொந்தி வளர்த்துக்கொண்டார் என்று பத்திரிகைகள் நிறைய எழுதின. அந்தத் தொந்தி இந்தக் காட்சியில் நடிக்கிறது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவருக்கு மூச்சு வாங்குகிறது. கை எட்டுகிறது, பிடி நிற்கவில்லை. மகள் ஒரு தடவை கீழே தள்ளுகிறாள், எழுந்து வருகிறார். மறுபடியும் தள்ளுகிறாள். முதலில் அவளுக்கு ரோஷம். பிறகு அது ரோஷமாக மட்டும் இல்லை, இன்னும் கொஞ்சம் குரூரமாக ஏதோ ஒன்று. தன்னை உண்டாக்கிய கையை உதறிவிட்டுப் போகும் வேகம் அது. ஃபாத்திமா சனா ஷேக் அதை அளவோடு செய்திருக்கிறார். தோற்ற தகப்பன் எழுந்து நிற்கும் நிலையில் ஒரு பரம்பரையே வயதாகி நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு தங்கை வந்து, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவருடைய வித்தைக்கு வயதாகவில்லை என்று எடுத்துச் சொல்கிறாள். அதாவது, நாங்கள் அப்பா பக்கம், நீங்களும் அப்பா பக்கம் இருங்கள் என்று டைரக்டர் நமக்குத் தகவல் சொல்கிறார். எனக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் சேராமல் நின்றுகொண்டிருந்தேன். அது நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு கோச் பாத்திரத்துக்கு நேர்கிற கதியைச் சொல்ல வேண்டும். கீதா வெளிநாட்டுப் போட்டிகளில் வரிசையாகத் தோற்கிறாள். கோச் அவளை 51 கிலோவுக்கு இறங்கச் சொல்கிறார். அப்பா பாட்டியாலாவுக்கு வந்து ரகசியமாகப் பயிற்சி தருகிறார். தடை போடுகிறார்கள். தோற்ற போட்டிகளின் பதிவுகளை வாங்கிப் போட்டுப் பார்த்து, எங்கே தப்பு, எங்கே சந்தர்ப்பத்தை விட்டாள் என்று போனில் சொல்கிறார் அப்பா. இது மட்டும் அருமையான இடம். சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன என்று மறுபடி ஒரு தடவை படம் நினைவு வைத்துக்கொள்கிறது. ஆனால் கோச்? நாளுக்கு நாள் அவர் முட்டாளாகிறார், பிறகு பொறாமைக்காரராகிறார், கடைசியில் இறுதிப் போட்டியின்போது தகப்பனை ஒரு அறையில் வைத்துப் பூட்டச் செய்கிறார்! கிரீஷ் குல்கர்ணி சாமானிய நடிகர் அல்ல. 'தேவூள்' என்ற மராத்திப் படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நாடகக் கம்பெனி வில்லன் வேஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

நிஜத்தில் அப்படி யாரும் யாரையும் பூட்டவில்லை. 2010-ல் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பி. ஆர். சோந்தி. படத்தில் பெயரை மாற்றியிருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். படம் வந்தபோது, தமக்கு வருத்தமாக இருக்கிறது என்று அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். நியாயந்தானே? மஹாவீரும் கீதாவும் தங்கள் சொந்தப் பெயரில் புகழ் பெறுகிறார்கள். அவர் மட்டும் இன்னொரு பெயரில் அவமானப்பட வேண்டியிருக்கிறது.

அறைக்குள்ளே தகப்பன் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, வெளியே கீதா மூன்றாவது சுற்றில் 1-5 என்று பின்தங்கியிருக்கிறாள். நேரம் தீரப்போகும்போது அப்பா எப்போதோ சொல்லிக் கொடுத்த, ஐந்து புள்ளி தரும் வீச்சு ஞாபகம் வருகிறது. எதிராளியைத் தூக்கி வீசி 6-5 என்று ஜெயிக்கிறாள். கொட்டகையில் நானும் எழுந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாஸ்தவத்தில் கீதா போகாட் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டடை இரண்டே சுற்றில் ஜெயித்தார். முதல் சுற்று 1-0. இரண்டாம் சுற்று 7-0.

இந்த இரண்டு எண்களையும் நான் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம்: அது ஜாக்கிரதையின் கணக்கு. ஏழுக்குப் பூஜ்யம்: அது பாய்ச்சலின் கணக்கு. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் சுற்று படத்தில் வருகிற கோச் ஆசைப்பட்ட மாதிரியும், இரண்டாம் சுற்று அப்பா ஆசைப்பட்ட மாதிரியும் இருக்கிறது. இரண்டு வாத்தியார்களும் ஒரே பெண்ணின் உடம்பில் அன்றைக்கு வேலை செய்திருக்கிறார்கள். இதைவிட நல்ல முடிவை எந்தக் கதாசிரியன் கற்பனை செய்ய முடியும்? கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டு ஒரு பூட்டை வாங்கியிருக்கிறார்கள்.

வாத்தியார்களை அழிக்கிற வேலை கோச்சோடு நிற்கவில்லை. படத்தின் மஹாவீருக்குக் குரு கிடையாது. தம் ஆசையினாலும் பிடிவாதத்தினாலும் தானாக முளைத்தவர். நிஜ மஹாவீர் டில்லியில் மாஸ்டர் சந்த்கி ராமின் கோதாவில் பயின்றவர். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய சந்த்கி ராம், பெண்களும் குஸ்தி போடலாம் என்று, ஊர் சிரித்த காலத்திலேயே தம் சொந்தப் பெண்களை இறக்கிக் காட்டியவர். மஹாவீருக்கு வழி காட்டியது அந்த முன்மாதிரிதான். அவர் 2010 ஜூனில் காலமானார். சிஷ்யனின் பெண் தங்கம் வாங்கியது அதே வருஷம் அக்டோபரில். இதைப் படத்தில் சேர்த்திருந்தால் ஐந்து நிமிஷம் பிடித்திருக்கும். ஆனால் கதாநாயகன் கொஞ்சம் சிறுத்துப்போவார். இன்னொரு வேடிக்கை: நடித்த பெண்களுக்கு மாதக் கணக்கில் குஸ்தி கற்றுக் கொடுத்தது கிருபாசங்கர் பிஷ்ணோய் என்ற அர்ஜுனா விருது பெற்ற பயிற்சியாளர். படம் அவ்வளவு நம்பும்படி இருப்பதற்குக் காரணமானவர், படம் கேலி செய்கிற ஜாதியைச் சேர்ந்தவர்!

நம் ஊரில் 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அது குத்துச் சண்டை. வேறு காலம், வேறு ஜனங்கள். படம் பின்பாதியில் எங்கெங்கோ அலைகிறது. ஆனால் ரங்கன் வாத்தியாருக்கு எதிரே நிற்கும் துரைக்கண்ணு வாத்தியாரும் தொழில் மரியாதை தெரிந்த மனிதராகவே வருகிறார். எதிர்க் கட்சி வாத்தியாரைச் சிறியவராக்கினால் தன் வாத்தியாரும் சிறியவராகிவிடுவார் என்பது ரஞ்சித்துக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை கோபமாக எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம், கபடிக் குழு, ஏழைப் பையன் ஒருவன், டிரில் மாஸ்டர். மாஸ்டர் பையனை வேண்டுமென்றே ஒதுக்குகிறார். பையன் அவரையும் மீறி ஜெயிக்கிறான். கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அந்த மாஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர். குரல், மூக்குப்பொடி, விசிலைக் கழுத்தில் மாட்டும் விதம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் ஒதுக்கியவர் அல்ல. கதைக்கு எதிரி ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தப்பிக்க வழி இல்லை. பந்தியில் பக்கத்து இலை.

"உன் கதையைப் படிச்சேன்" என்றார்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா, கணுக்கால் பிடியைப் பாய்ஞ்சு பிடிக்கணும்னு நான் சொன்னதா எழுதிட்டியே. அப்படி எப்போடா சொல்லிக் கொடுத்தேன்? அவன் திரும்பற வரைக்கும் பொறுத்திரு, திரும்பறப்போ பாரம் ஒத்தைக் கால்ல இருக்கும், அப்போ பிடின்னுதானே சொன்னேன்?"

அவரைக் கெட்டவராக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாப்பிட்டு எழுந்ததும், கை அலம்புகிற இடத்தில், வேஷ்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கால் எப்படித் திரும்பும் என்று காட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் நடுங்கியது. கால் வைத்த இடம் சரியாக இருந்தது.

அந்தக் கதையை என் தொகுதி எதிலும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அச்சில் வந்தது வந்ததுதான்.

'தங்கல்' படத்தை நாலாவது தடவையும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். தகப்பனும் மகளும் மண்ணில் இறங்கும் காட்சி வரைக்கும் பார்த்துவிட்டு, தங்கை வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிடுவதாக உத்தேசம்.